ஹூஸ்டன் குளிரும் எங்கள் டிரெய்லரின் தண்ணீர்க் குழாய்களும்: ஐந்து குளிர்கால அனுபவம்

ஹூஸ்டனில் குளிர்காலத்தின் பாதி நாட்களுக்கு அரைக்கை சட்டையே போதும். அந்த நம்பிக்கையில் முதல் வருடம் முகாமுக்கு இழுத்துப்போகிற எங்கள் 24 அடி டிரெய்லரில் நல்ல தண்ணீர்த் தொட்டியை மட்டும் காலி செய்துவிட்டு நிறுத்தினேன். 2021 பிப்ரவரி 16 அன்று இங்கே 13 டிகிரி பாரன்ஹீட், அதாவது மைனஸ் 10 செல்சியசுக்கும் கீழே போனது. மார்ச்சில் தண்ணீர் ஏற்றியதும் வெளிப்புற ஷவர் பெட்டிக்குள் பீச்சியடித்தது. பிளாஸ்டிக் வால்வின் பின்பக்கம் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அந்த ஷவரை நாங்கள் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. ஆனால் குழாயில் தண்ணீர் நின்று, உறைந்து, வால்வைப் பிளந்திருக்கிறது.

அடுத்த நான்கு குளிர்காலமும் காற்றடித்துத்தான் குழாய்களைக் காலி செய்கிறேன். டிசம்பர், ஜனவரியிலும் முகாமுக்குப் போகிறோம். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று காலன் ஆன்டிஃபிரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) ஏற்றி, பிறகு அலசிக்கொண்டிருக்க முடியாது.

முந்தின இரவே தண்ணீர் ஹீட்டரை அணைத்து ஆறவிடுகிறேன். காலையில் சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் ஆனோடு கம்பியை (ஹீட்டர் தொட்டி அரிக்காமல் இருக்க, தான் அரிபடும் கம்பி) கழற்றித் தொட்டியை வடியவிடுவேன். இரண்டாவது வருடம் அது காய்ந்த முருங்கைக்குச்சி போல நடுவில் இளைத்து வந்தது, புதிது போட்டேன். ஹீட்டரை பைபாஸில் வைத்து (அதற்குள் போகாமல் சுற்றிப் போகும்படி), காற்றடிக்கும் கம்ப்ரெசரை வெளித் தண்ணீர் இணைப்பில் மாட்டி, அழுத்தம் 40 பிஎஸ்ஐக்கு மேல் போகவிடாமல், குளிர்நீர், சுடுநீர் என்று ஒவ்வொரு குழாயாகத் திறக்கிறேன். கழிவறை மிதியையும் வெளி ஷவரின் இரண்டு திருகுகளையும் மறக்கவே கூடாது.

பம்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். உள்ளே ஒருவழி வால்வு இருப்பதால், வெளி இணைப்பில் அடிக்கிற காற்று பம்பைத் தாண்டி தொட்டிப் பக்கம் போகாது. அதனால் வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டிவிட்டு, பம்பைச் சில நொடிகள் ஓட்டுகிறேன். கடைசியாக சிங்க், ஷவர் வடிகால் வளைவுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் பிங்க் ஆன்டிஃபிரீஸ். இது புரோப்பிலீன் கிளைக்கால். காருக்கு ஊற்றுகிற எத்திலீன் கிளைக்கால் விஷம், அதைத் தொடவே தொடாதீர்கள்.

ஓரிரு மணி நேரம் 31 டிகிரி பாரன்ஹீட் என்றால் நான் எதுவும் செய்வதில்லை. இரவெல்லாம் 28க்குக் கீழே என்று முன்னறிவிப்பு வந்தால் வேலையை ஆரம்பித்துவிடுவேன். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2025 ஜனவரி 21 அன்று இங்கே பனியே பெய்தது. அடுத்த வாரம் தண்ணீர் ஏற்றி, வெளி ஷவர் பெட்டிக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். சொட்டு ஈரம்கூட இல்லை.