வீட்டிலேயே சர்வர் என்று சொல்லி வெறும் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்

ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் அம்மா தனியாக இருக்கிறார். அப்பா போய் மூன்று வருடம். கூடத்தில் குடும்பப் படங்கள் மாறி மாறி ஓடினால் அவருக்கு ஒரு பேச்சுத்துணையாக இருக்கும் என்று பழைய டேப்லெட்டில் ஒரு செயலியைப் போட்டு, கூகுள் போட்டோஸ் ஆல்பத்தை ஓடவிட்டிருந்தோம். 2025 மார்ச் 31-க்குப் பிறகு வெளிச் செயலிகள் நம் ஆல்பங்களைத் தாமாகவே படிக்கும் வழியை கூகுள் அடைத்துவிட்டது. டேப்லெட் அலமாரிக்குப் போனது.

சேலத்தில் சிசிடிவி மாட்டும் ஒருவரைத் தெரிந்தவர்கள் கைகாட்டினார்கள். போட்டோ ஃபிரேமும் செய்து தருகிறாராம். "படமெல்லாம் உங்க வீட்டுப் பெட்டிக்குள்ளயே இருக்குமுங்கண்ணா. கூகுளும் வேண்டாம், மாசக் கட்டணமும் வேண்டாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பணம் கொடுத்தேன். திரை 7,000, பெட்டி 5,000, அவருடைய சொந்த மென்பொருளுக்கு 'லைஃப்டைம் லைசென்ஸ்' 4,500, மலைக்கு வந்து மாட்டிக் கொடுக்க 2,000. ஆக 18,500 ரூபாய். பில் கேட்டேன். வாட்ஸப்பில் ஒரு கணக்கு வந்தது. ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, கடைப் பெயரும் இல்லை. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

போனிலிருந்து படங்களை அனுப்புகிற செயலியை என் போனில் அவரே போட்டார், சர்வர், அதாவது படங்களை வைத்திருந்து கேட்கும்போது தருகிற கணினி, அதன் முகவரியையும் அவரே அடித்தார். அதை முழுதாக நிர்வகிக்கிற அட்மின் பாஸ்வேர்டு கேட்டதற்கு "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்கண்ணா, ஏதாவதுன்னா ஒரு போன் போடுங்க" என்றார். சரி, நமக்கும் அதெல்லாம் தெரியாதே என்று விட்டுவிட்டேன். ஃபிரேம் நன்றாகவே ஓடியது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அம்மா காபி டம்ளரோடு அதன் முன்னால்தான் உட்காருவார்.

ஐப்பசி மழையில் ஒரு சில்வர் ஓக் கிளை முறிந்து ஃபைபர் கேபிளோடு கீழே வந்தது. கரண்டும் போய், ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. ஃபிரேம் வரவில்லை. "கண்ணு, அப்பாவக் காணோம், என்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கு" என்று அம்மா போன் செய்தார். அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனைப் பின்னால் உட்கார வைத்து 20 கொண்டை ஊசி வளைவும் மழையில் ஏறினேன்.

திரையைப் பார்த்ததுமே அவன் சிரித்துவிட்டான். 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை' என்கிற செய்தி, அதன் கீழே ஏதோ ஒரு இணைய முகவரி. "மாமா, சர்வர் வீட்டுக்குள்ள இருந்தா நெட் போனா என்ன? வைஃபை பெட்டி எரியுதுல்ல, படம் ஓடணுமே." பெட்டியைத் திருகு கழற்றித் திறந்தோம். உள்ளே இருந்தது ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்கிற குட்டிக் கணினி, ஒரு பிஸ்கட்டில் பாதி அளவுப் பலகை. அதற்கு ராம் 512 எம்பிதான். பிரவுசரைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டுவதற்கே அது மூச்சு வாங்கும். 128 ஜிபி என்று கணக்கில் எழுதியிருந்த மெமரி கார்டை லேப்டாப்பில் போட்டோம். 32 ஜிபி. அதிலும் ஒரு படம்கூட இல்லை.

சுமார் 11,000 படங்களும் அவர் வாடகைக்கு எடுத்திருக்கும் ஏதோ ஒரு சர்வரில் இருந்தன. நம் வீட்டில் இருந்தது அதைப் பார்க்கிற ஜன்னல் மட்டும்தான்.

'சொந்த மென்பொருள்' கதை அதைவிட மோசம். லோகோவை மாற்றியிருந்தாலும் என் போனில் இருந்த செயலி இம்மிச், படங்களை நம் சொந்த சர்வரில் சேமித்துப் பார்க்க உதவும் மென்பொருள், என்று மருமகன் பார்த்தவுடனே சொன்னான். திரையில் ஓடியது, அதிலிருக்கும் படங்களை மாற்றி மாற்றிக் காட்டும் இம்மிச்ஃபிரேம். இரண்டும் கட்டற்ற மென்பொருள், யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இம்மிச்சை ஆதரிக்க விரும்புகிறவர்கள் அதை உருவாக்குகிறவர்களுக்கே பணம் கட்டலாம், கட்டாவிட்டாலும் எந்த வசதியும் பூட்டப்படாது. மலை ஏறி வந்து மாட்டிக் கொடுக்கிற உழைப்புக்குக் கூலி வாங்கினால் நியாயம். ஊரார் செய்ததைத் தன் பெயரில் லைசென்ஸ் போட்டு விற்பதற்கு என்ன பெயர் சொல்வது?

நெட் திரும்பி வந்த அன்று இன்னொன்றும் தெரிந்தது. அந்த முகவரியை சேலத்தில் என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடித்தேன். பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை, நேராகப் படங்கள் ஓட ஆரம்பித்தன. அக்கா மகள் சீருக்கு எடுத்தவை, அப்பாவின் மருந்துச் சீட்டு, அப்புறம் என் ஆதார் கார்டு, முழு எண்ணோடு. என் போனில் இருந்த எல்லா ஃபோல்டரையும் பேக்கப்பில் டிக் செய்துவிட்டுப் போயிருக்கிறார். குறிப்பிட்ட ஆல்பத்தை மட்டும் அனுப்பும் வசதி செயலியிலேயே இருக்கிறது, அதை அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

கூப்பிட்டுக் கேட்டேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால் குரல் தேன் மாதிரி இருந்தது. "சர்வர் மெயின்டனன்ஸ் இனிமேல் வருசத்துக்கு 3,600 ஆகுமுங்கண்ணா. வேண்டாம்னா சொல்லிருங்க, நிறுத்திக்கறேன். படத்தை ஹார்ட் டிஸ்க்ல போட்டுத் தர 2,000." என் படத்தை எனக்கே விற்கிறார். கொடுக்க மாட்டேன் என்றேன். மறுநாள் காலையில் ஃபிரேம் இருண்டுவிட்டது.

நல்லவேளை, படங்கள் என் போனிலும் அக்காவின் போனிலும் இருந்தன. அக்கா வீட்டில் சும்மா கிடந்த 8 ஜிபி ராம் லேப்டாப்பில் மருமகன் டாக்கர் என்கிற, இப்படிப்பட்ட மென்பொருளை ஓட்டும் கருவியைப் போட்டு இம்மிச்சை ஏற்றினான். புதிதாக வாங்கியது 1 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு மட்டும். ஒன்று ஏற்காட்டில் லேப்டாப்போடு, இன்னொன்று நகலாக சேலம் அஸ்தம்பட்டியில் என் பீரோவில். அலமாரியில் கிடந்த டேப்லெட்டே மறுபடி திரையானது. இப்போது முகவரி 192.168 என்று தொடங்குகிறது, வீட்டு வைஃபைக்கு வெளியே அது திறக்காது. ஃபைபர் வயரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம், ஓடிக்கொண்டே இருந்தது. காசு கொடுத்த அன்றே அந்த வயரைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லியிருந்தால் அந்த ஆள் மலையிறங்கும் முன்பே மாட்டியிருப்பார். உங்கள் வீட்டில் யாராவது இப்படி மாட்ட வந்தால், அட்மின் பாஸ்வேர்டை வாங்கி மாற்றிவிட்டு, வயரைப் பிடுங்கிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ஒழுங்கான பில் இல்லாததால் வாட்ஸப் கணக்கையும் யுபிஐ ரசீதையும்தான் கொடுத்தேன். பணம் இதுவரை வரவில்லை.

படங்களை அழிக்கச் சொன்னதற்கு இரண்டு நாள் கழித்து "அழிச்சிட்டேங்கண்ணா" என்று ஒரு மெசேஜ், கூடவே கைகூப்பும் பொம்மை. இம்மிச்சில் அழித்த படம் வழக்கமாக 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும் என்று மருமகன் சொல்கிறான். தொட்டியின் சாவியும் அவரிடம்தான் இருக்கிறது.