பேடில் வீலா, புளோயரா? குளத்தின் ஆழத்தைப் பார்த்து வாங்குங்கள்

பேடில் வீலும் புளோயரும் மீன் குளத்துத் தண்ணீரில் ஆக்சிஜனைக் கரைக்கும் கருவிகள். பேடில் வீல் நீர்மேல் மிதந்து துடுப்பால் தண்ணீரை அடிக்கும். புளோயர் கரையிலிருந்து பைப் வழியாக, அடியில் கிடக்கும் துளையுள்ள டியூபுக்குக் காற்றை அனுப்பும். 5 அடி ஆழக் கெண்டைக் குளத்துக்குப் பேடில் வீல். 15 அடி ஆழக் கல்குவாரிக் குட்டைக்குப் புளோயர். விலையைக் கேட்பதற்கு முன் குளத்தில் கம்பை இறக்கி ஆழம் பாருங்கள்.

தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கட்லாவும் ரோகுவும் நன்றாகத் தீனி எடுக்கும். 3-க்குக் கீழே போனால் திணறும். பகலில் பாசி விட்ட ஆக்சிஜனை இரவில் அந்தப் பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்தே தீர்த்துவிடுவதால், விடியற்காலையில்தான் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். மூட்டமான நாளுக்கு அடுத்த விடியல் இன்னும் மோசம்.

சோதனைத் தொட்டியில் பேடில் வீல் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 2 கிலோ ஆக்சிஜன் கரைக்கிறது. ஆழமில்லாத நீரில் புளோயர் கரைப்பது ஏறக்குறைய அதில் பாதி. குமிழி 5 அடியை ஐந்தாறு வினாடியில் தாண்டிவிடுகிறது, கரைய நேரமே இல்லை. குளத்தில் இரண்டுமே இதைவிடக் குறைவாகத்தான் தரும்.

பேடில் வீலில் துடுப்பு 4 அங்குலம் மூழ்கினால் போதும். கூடினால் மோட்டார் சூடேறி வைண்டிங் கருகும். குறைந்தால் வெறும் தெறிப்புதான். கரையை ஒட்டிக் கட்டினால் மண் அரித்துத் தண்ணீர் கலங்கும். 3 மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். மோட்டார் தண்ணீர்மேல் மிதப்பதால் எர்த்தும், மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் இதை ஓட்டவே கூடாது. உயிர் போகும் விஷயம் இது.

இந்த ஆபத்து புளோயரில் மிகக் குறைவு, மோட்டார் கரையிலேயே இருக்கிறது. ஆனால் அதை நீர்மட்டத்துக்கு மேலே வைத்து நான்ரிட்டர்ன் வால்வு போடாவிட்டால், கரண்ட் போனதும் தண்ணீர் பின்னால் ஏறி உள்ளே புகுந்துவிடும். காற்று சூடாக வரும், பி.வி.சி. இளகும், முதல் 2 மீட்டருக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போடுங்கள். எந்த டியூப் மேடாகக் கிடக்கிறதோ அதிலேயே காற்று முழுக்கப் போய்விடும், ஒவ்வொரு லைனுக்கும் தனி வால்வு வேண்டும். குமிழி குறைந்தால் டியூபை வெளியே எடுத்துப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஆழமான குட்டையில் புளோயரை முதல் நாளே இரவு முழுக்க ஓட்டிவிடாதீர்கள். அடியில் தேங்கிய, ஆக்சிஜன் இல்லாத, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் தண்ணீர் ஒரேயடியாக மேலே வந்து மீனைக் கொன்றுவிடும். முதல் நாள் பகலில் அரை மணி நேரம், மறுநாள் ஒரு மணி நேரம், அதற்கடுத்த நாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போங்கள்.