முழங்கால் தேய்ந்த அம்மாவோடு கார், மலை ரயில், கப்பல்: எது தேவலை?

எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையம். கோபியைத் தாண்டி அம்மா போன தூரம் என்று பார்த்தால் பழனி, திருப்பதி, ஒரே ஒரு தடவை சென்னை. மாடு கன்று, மஞ்சக்காடு, எங்கள் படிப்பு, கல்யாணம் என்று வருஷம் ஓடிவிட்டது. அப்பா போன பிறகு, சரி இனிமேலாவது நாலு இடம் கூட்டிக்கொண்டு போவோம் என்று நினைத்தபோது முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தது. ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்று நிற்கிறார். வயது 69.

அப்படியும் இந்த ஒரு வருஷத்தில் மூன்று பயணம் போய்விட்டு வந்தோம். மூன்றுக்கும் முன்னால் நான் தேடித்தேடிப் படித்தேன். வியூ எப்படி, சாப்பாடு எப்படி, போட்டோ எங்கே எடுக்கலாம் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஏறுகிற படி எவ்வளவு உயரம், பாத்ரூம் எவ்வளவு தூரம், உட்கார்ந்தால் எழ முடியுமா என்று ஒருத்தரும் எழுதவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான், அதனால் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அம்மா காலுக்கு ஒத்துப்போனது கப்பல். மூன்றில் அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

கார் மைசூருக்கு. சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம் வழி. சொந்தக் கார் தாழ்வான சீட், அதில் அம்மா உட்கார்ந்தால் பள்ளத்தில் இறங்கின மாதிரி, எழுப்ப இரண்டு பேர் வேண்டும். அதனால் இன்னோவா வாடகைக்கு எடுத்தோம். சீட் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது, ஆனால் ஏறும் படி உயரம். டிரைவர் இதை முன்னமே பார்த்தவர் போலிருக்கிறது, டிக்கியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்திருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாங்கள் சொல்வதற்கு முன்னால் அது கதவுக்குக் கீழே வந்துவிடும். அரை மணிக்கு ஒரு தடவை "ஏனுங்கம்மா, நிறுத்தட்டுங்களா, காலை நீட்டிக்கறீங்களா?" என்று கேட்பார். வாடகைக் கார் எடுக்கிறவர்கள் வண்டியை விட டிரைவரைப் பார்த்து எடுங்கள், அது போதும்.

திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. காலை மடக்கியே உட்கார்ந்திருந்தால் அம்மாவுக்கு முழங்கால் பூட்டிக்கொள்ளும், மேலே போய்ச் சேர்ந்ததும் ஆசனூரில் பத்து நிமிஷம் நடந்த பிறகுதான் சரியாச்சு. இன்னொன்று, அந்த மலைப்பாதையில் ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை கார் விடுவதில்லை, புலிகள் காப்பகம். மைசூர் அரண்மனைக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு லைட் போடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அன்றைக்கே ஊர் திரும்ப முடியாது, ரூம் போட்டுத்தான் ஆக வேண்டும். நாங்கள் போட்டோம். அவ்வளவு பல்பும் ஒரே நேரத்தில் எரிந்தபோது அம்மா கை கூப்பிவிட்டார், கோயில் தீபாராதனைக்குக் கும்பிடுவது போல.

ஆனால் காரில் எனக்கு மனசு கஷ்டமானது பாத்ரூம் விஷயத்தில். வழியில் ஒரு ஹோட்டலில் நிறுத்தினோம், பார்க்கப் பெரிய ஹோட்டல், வாசலில் ஐம்பது கார். வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்றே ஒன்று இருந்தது, அதில் துடைப்பமும் பினாயிலும் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி யாரிடம் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் தண்ணி பாட்டிலைத் தொடவே இல்லை. "தாகமில்லை கண்ணு" என்றார். வெயில் காலம், மதியம் இரண்டு மணி. அன்றிலிருந்து பயணத்தில் அம்மா எவ்வளவு தண்ணி குடிக்கிறார் என்பதைத்தான் நான் கணக்காக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது மேட்டுப்பாளையம் மலை ரயில். எங்கள் கோபிக்கு ரயிலே கிடையாது. ஈரோட்டில் இருந்து கோபி, சத்தி வழியாகச் சாம்ராஜ்நகருக்கு லைன் வரும் என்று நான் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் விடியற்காலை நாலு மணிக்கே காரில் கிளம்பி மேட்டுப்பாளையம் போய், 7.10 வண்டியைப் பிடித்தோம். டிக்கெட் திறந்த அன்றைக்கே போட்டுவிடுங்கள், ஒரு நாள் தள்ளினாலும் வெயிட்டிங் லிஸ்ட்தான். முடிந்தால் முதல் வகுப்பு போடுங்கள். ஏறும்போது இன்ஜின் பின்னால் இருந்து தள்ளுகிறது, முதல் வகுப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கிறது, அதனால் பாதை அப்படியே கண்ணுக்கு நேராக வருகிறது.

கல்லாறு வரைக்கும் சாதாரண ரயில்தான். பாக்குத் தோப்புக்குள் போகிறது. அம்மா ஜன்னலில் முகம் வைத்து மரத்தையெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தார், எந்தத் தோப்புக்குத் தண்ணி பத்தவில்லை என்று எனக்குச் சொன்னார். கல்லாறு தாண்டினதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த பட்டை ஒன்று சேர்ந்துகொள்கிறது, இன்ஜினின் பல்சக்கரம் அதில் கடித்துக் கடித்து ஏறுகிறது. பன்னிரண்டே கால் அடி போனால் ஓர் அடி உயரம், அவ்வளவு செங்குத்து. வேகம் சைக்கிளை விடக் கம்மி. குன்னூர் வரைக்கும் 1899இல் போட்டது, ஊட்டி வரைக்கும் நீட்டினது 1908இல், மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகை. குகைக்குள் நுழைந்தால் பெட்டியில் இருக்கிற குழந்தைகள் எல்லாம் ஓவென்று கத்துகிறார்கள், மூன்றாவது குகையில் அம்மாவும் கத்தினார். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஒரு பிரேக்மேன் கொடியோடு நிற்கிறார். எங்கள் பெட்டிக்காரர் அம்மா கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார், பாறை விழுந்தால் என்ன செய்வீங்க என்பது வரைக்கும்.

இவ்வளவு அழகை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் முழங்காலுக்கு என்று பார்த்தால் யோசித்துப் போங்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய அளவில் கட்டின சின்னப் பெட்டி, எதிர் சீட்டுக்காரர் முழங்காலும் நம் முழங்காலும் இடிக்கும், காலை நீட்ட வழியில்லை. வண்டிக்குள் பாத்ரூம் கிடையாது. இன்ஜினுக்குத் தண்ணி பிடிக்க ஹில்குரோவ் மாதிரி ஸ்டேஷன்களில் நிற்கும், எல்லாரும் இறங்கிப் போகிறார்கள், ஆனால் அங்கே பிளாட்பாரம் தாழ்வு, அம்மாவால் இறங்க முடியவில்லை. காலையில் மேட்டுப்பாளையத்தில் குடித்த அரை டம்ளர் காப்பியோடு குன்னூர் வரைக்கும் தாங்கினார். குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டுவார்கள், கொஞ்ச நேரம் நிற்கும், அங்கேதான் நிதானமாக இறக்கினோம். அடுத்த தடவை என்றால் குன்னூர் வரைக்கும் காரில் போய், அங்கிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயில் ஏற்றுவேன். கேத்திப் பள்ளத்தாக்கு அந்தப் பாதியில்தான் வருகிறது, நேரமும் கம்மி. பல்சக்கரமும் நீராவியும் பார்க்க முடியாது, அது ஒன்றுதான் குறை. திரும்பும்போது காரை ஊட்டிக்கே வரச் சொல்லியிருந்தோம். வண்டி மேலே வர இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்தில் இருந்து அந்த நடைமுறை, முதல் நாளே எடுத்துவிட்டோம்.

கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். கோவையில் இருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. அங்கிருந்து மூன்று ராத்திரி, பினாங்கு போய்த் திரும்பும் கப்பல். அம்மா, நான், என் வீட்டுக்காரி. அம்மாவுக்குக் கடல் என்றால் பயம், "ஆத்துல எறங்கவே யோசிப்பேன், என்னைக் கொண்டுபோய்க் கடல்ல விடறியே" என்றார். ஏறுகிற இடத்திலேயே சக்கர நாற்காலி கொடுத்தார்கள், வாசலில் இருந்து ரூம் வரைக்கும் ஒரு படி கூட இல்லை. தளத்துக்குத் தளம் லிஃப்ட். நடைவழியில் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி ஓடுகிறது, அதைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் நாளே நாற்காலி வேண்டாம் என்று அம்மா தனியாக நடக்க ஆரம்பித்துவிட்டார். மலாக்கா ஜலசந்தி என்பதால் ஆட்டம் அவ்வளவாக இல்லை, முதல் ராத்திரி மட்டும் கட்டில் லேசாக அசைந்தது.

நான் செய்த தப்பு, காசைப் பார்த்து ஜன்னலில்லாத ரூம் போட்டது. அம்மா எத்தனையோ வருஷமாக நாலு மணிக்கு எழுந்து பழகினவர். இருட்டில் எழுந்து உட்கார்ந்து, விடிந்ததா இல்லையா என்று தெரியாமல், எங்களை எழுப்பவும் மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். நான் பார்த்தபோது மணி ஐந்தரை. மேல் தளத்துக்குக் கூட்டிப்போனேன், ஆள் இல்லை, இருட்டுத்தான், ஒரு நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ஏழு மணி வாக்கில் கடலுக்குள்ளிருந்து சூரியன் வந்தது. அம்மா எழுந்து நின்று கும்பிட்டார், கம்பியைக் கூடப் பிடிக்கவில்லை. கடன் வாங்கியாவது பால்கனி ரூம் போட்டிருக்கலாம் என்று எனக்கு இன்னும் அடித்துக்கொள்கிறது.

சாப்பாட்டில் இந்திய வகை தனியாக இருந்தது, ஆனால் எல்லாம் வடக்கத்திக் குழம்பு. ரசம் கிடையாது. பரிமாறின பையன்களில் ஒருத்தர் தூத்துக்குடி. "எந்த ஊரும்மா?" என்று கேட்டார், "கோபிங்க சாமி" என்றதும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரியில் இருந்து எங்கள் மேஜைக்கு ஒரு கிண்ணம் வெறும் சோறும் தயிரும் தனியாக வந்தது, நாங்கள் கேட்கவே இல்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன எலுமிச்சங்காய் ஊறுகாயோடு அம்மா வயிறாரச் சாப்பிட்டார்.

பினாங்கில் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே லிட்டில் இந்தியா. கடைப் பலகை தமிழில், பூக்கட்டுகிறவர் பேச்சு தமிழில். குயின் தெருவில் 1833இல் கட்டின மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது, சாயங்காலம் நடை திறந்ததும் போனோம். பூ வாங்கின இடத்தில் அம்மா அரை மணி நேரம் நின்று பேசினார், அந்தக் காலோடு.

குறை எல்லாம் எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ்காரர் மேல்தான். எல்லாம் சேர்த்துத்தான் என்றார். கடைசி நாள் பில்லில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் டிப்ஸ், மூன்று பேருக்கு மூன்று நாளைக்கு 162 டாலர், தனியாக வந்தது. திரும்பவும் சிங்கப்பூருக்குள் நுழைவதால் விசா மல்டிபிள் என்ட்ரியாக இருக்க வேண்டும், அங்கத்திய அரைவல் கார்டை இரண்டாவது தடவையும் நிரப்ப வேண்டும், இதையும் சொல்லவில்லை, எங்கள் அதிர்ஷ்டம் விசா சரியாக இருந்தது. பாத்ரூமில் தண்ணிக் குழாய் இருக்காது, காகிதம்தான் என்பதைக் கூடச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் மக் போட்டு எடுத்து வந்திருந்ததால் அம்மா தப்பித்தார். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். பாத்ரூம் வாசலில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு நிலைப்படியும் இருக்கும், ராத்திரி லைட் போடாமல் பெரியவர்களைப் போக விடாதீர்கள்.

பாத்ரூம் கட்டிலில் இருந்து ஐந்தே அடி, வெஸ்டர்ன், பிடித்துக்கொள்ளக் கம்பி. முதல் நாள் சாயங்காலமே அம்மா இரண்டு பாட்டில் தண்ணி குடித்திருந்தார். காலையில் காப்பி, பதினோரு மணிக்கு ஜூஸ், மதியம் மோர் கேட்டு வாங்கினார்.

கோவையில் இறங்கி, அதே டிரைவர் ஸ்டூலோடு வந்து நின்றார். கோபி இன்னும் இரண்டு மணி நேரம். அம்மா ஏறி உட்கார்ந்தார், விமானத்தில் கொடுத்த தண்ணி பாட்டிலைப் பார்த்தார், மூடியை இறுக்கித் திருகி சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.