விரல் வீக்கமும் மரத்துப்போதலும்: ஊரில் மருத்துவம் பார்த்த மூன்று வாரம்

இந்த முறை ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியின் ஜிப்பை இழுக்கவே கஷ்டப்பட்டேன். இரண்டு கையிலும் விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. ராத்திரியில் விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்து விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் கொஞ்சம் அடங்கும். நான் இருக்கும் நாட்டில் குடும்ப மருத்துவர் நிபுணருக்கு எழுதிப்போட்டு நான்கு மாதம் ஆகியும் தேதி கிடைக்கவில்லை. சரி, ஊரிலேயே காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் போனது ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு. முழு உடல் பரிசோதனை எடுத்தேன். காலையில் ரத்தம் கொடுத்தால் சாயங்காலம் செல்போனுக்கு ரிப்போர்ட் வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் காத்திருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் அத்தனை எண்களில் எது என் கைக்குச் சம்பந்தப்பட்டது என்று யாரும் சொல்லவில்லை. உடலில் அழற்சி (வீக்கமும் வலியும் தரும் எதிர்வினை) இருக்கலாம் என்று காட்டும் ஈ.எஸ்.ஆர் அதிகம், யூரிக் ஆசிட் லேசாக அதிகம். "யூரிக் ஆசிட்தான்டி, வேற ஒண்ணும் இல்லை" என்றாள் அக்கா. பக்கத்தில் பார்த்த மருத்துவரும் அதையேதான் சொன்னார். கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு ஊசி போட்டு, மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

நான்கு நாள் சொர்க்கம். ஐந்தாம் நாள் வீக்கம் திரும்ப வந்துவிட்டது. போட்டது ஸ்டீராய்டு ஊசி என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்டீராய்டு எந்தக் காரணத்தால் வந்த அழற்சியையும் கொஞ்ச நாள் அமுக்கிவைக்கும். அடுத்து பார்க்கிற மருத்துவருக்கு அடையாளமே தெரியாமல் போகலாம். என்ன ஊசி என்று கேட்காமல் கையை நீட்டியது என் தவறு. சொல்லாமல் போட்டது அவருடைய தவறு. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அப்புறம் மூட்டுவாத நிபுணர் ஒருவரைத் தேடிப் போனோம். அந்த அம்மா ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அரை மணி நேரம் கேள்வி கேட்டார். எனக்குக் கிடைத்த உண்மையான மருத்துவம் அந்த அரை மணி நேரம்தான்.

"காலையில் எழுந்ததும் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும்மா?" ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றேன். மூட்டுத் தேய்மானம் என்றால் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடுமாம். நீண்ட நேரம் விறைப்பு இருந்தால் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும் என்றார். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். சிக்குன்குனியா போன்ற வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு மூட்டு வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். வாய்ப்புண், வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, முடி கொட்டுதல் உண்டா என்றது லூபஸுக்காக, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் ஒரு நோய்க்காக. தோலில் செதில் செதிலாக உரிகிறதா என்றது சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்காக, அதோடும் மூட்டுவாதம் வரலாம். யூரிக் ஆசிட்? அது மூட்டில் படிந்து வரும் கௌட் என்ற வலி பெரும்பாலும் ஒரே மூட்டில், அதுவும் கால் பெருவிரலில், திடீரென்று வரும். யூரிக் ஆசிட் அதிகமாக இருந்தும் கௌட் வராதவர்கள் நிறையப் பேர். கௌட் வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் ஆசிட் சரியான அளவில் காட்டுவதும் உண்டு.

"சுண்டு விரலும் மரத்துப்போகுதா?" என்று கேட்டார். நான் அதைக் கவனித்ததே இல்லை. யோசித்துப் பார்த்தால், கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி மட்டும்தான். மணிக்கட்டின் நடுவே போகிற நரம்பின் எல்லை அது. சுண்டுவிரல் என்றால் முழங்கையில் அழுத்தப்படும் வேறொரு நரம்பைச் சந்தேகிப்பார்களாம். இரண்டு பாதத்திலும் தொடங்கி மேலே ஏறினால் சர்க்கரை நோய், பி12 குறைபாடு, மதுப்பழக்கம், சிறுநீரகக் கோளாறு என்று தேட வேண்டும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும் அசிடிட்டி மாத்திரையும் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம். ரத்த சோகை இல்லாமலேயே பி12 குறைவு நரம்பைப் பாதிக்கும் என்பது எனக்குப் புதிய செய்தி.

முடிக்காக நான் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டு வந்தேன். அது தைராய்டு பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டக்கூடும் என்று, சில நாள் நிறுத்தச் சொல்லி மறுபடி பார்த்தார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மூட்டு வலியும் விரல் மரத்துப்போதலும் சேர்ந்தே வரலாம் என்பதால் அதை விடவில்லை.

கடைசியில் விரல் முட்டிகளைப் பக்கவாட்டில் மெதுவாக அழுத்தினார், உயிர் போனது. புறங்கைகளை ஒன்றோடொன்று சேர்த்து மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைக்கச் சொன்னார். எறும்பு ஊர ஆரம்பித்தது. ருமட்டாய்டு என்ற மூட்டுவாதத்தைக் கண்டுபிடிக்க இரண்டு ரத்தப் பரிசோதனைகள்: ருமட்டாய்டு ஃபேக்டர் நெகட்டிவ், ஆன்டி சி.சி.பி நல்ல பாசிட்டிவ். முதலாவதை மட்டும் பார்த்திருந்தால் ருமட்டாய்டு இல்லை என்று அனுப்பியிருப்பார்கள். அந்த நோய் உள்ளவர்களிலேயே கணிசமானோருக்கு அது நெகட்டிவாக வரும். மணிக்கட்டு மூட்டின் உறை வீங்கி, குறுகலான பாதையில் போகிற நரம்பை நெருக்கியிருக்கிறது. நான் இரண்டு வியாதி என்று பயந்துகொண்டிருந்தது ஒரே வியாதி.

காத்திருக்கக் கூடாதவை என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒற்றை மூட்டு சூடாக வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் மூட்டில் கிருமித்தொற்றாக இருக்கலாம். காலில் தொடங்கிய மரத்துப்போதல் சில நாட்களில் மேலேறி, பலமும் குறைந்தால், உடலின் ஒரு பக்கம் திடீரென்று மரத்துப்போனால், தொடையிடுக்கு மரத்து சிறுநீர் போவதில் சிக்கல் வந்தால், உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலும் அப்படித்தான், ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

கல்லீரல், சிறுநீரகம், ஹெபடைடிஸ் எல்லாம் பார்த்துவிட்டு, ருமட்டாய்டைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தொடங்கினார். வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று அக்காவையும் கூப்பிட்டுச் சொன்னார். வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட். நான் இருக்கும் நாட்டு மருத்துவருக்கு இரண்டு பக்கக் கடிதமும், ஊசி போட்ட தேதி உட்பட, எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் இங்கே நிபுணரிடம் சீக்கிரம் தேதி கிடைத்தது. ரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவிடமிருந்து போன் வரும். "இன்னைக்கு மாத்திரை நாள், போட்டியா?" என்று கேட்பாள். திங்கட்கிழமையும் கூப்பிட்டு, "இன்னைக்கு போடலையே?" என்று உறுதி செய்துகொள்வாள்.