13 வயதுப் பேரன் சொன்ன செய்தி

23 ஆண்டுகளாக லண்டனில் வாழும் நான் இம்முறை கொழும்புக்குப் போனது வெள்ளவத்தையில் இருக்கும் என் சின்னம்மாவுக்காக. ஐந்து வாரப் பயணத்தில் குறையின்றி நடந்தவை எத்தனையோ உண்டு. ஆனால் ஒரு தனியார் வைத்தியசாலையின் சிறிய அறையில் நடந்த பத்து நிமிடங்கள்தான் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

சின்னம்மாவின் மார்பில் இருந்த கட்டி வலிக்கவில்லை. வலிக்காத கட்டிக்கு டொக்டரிடம் போவானேன் என்று எட்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டார். மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை என்பதை அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. 35 வயதுக்கும் அதற்கு மேலும் உள்ள பெண்களை இலவசமாகப் பரிசோதிக்கும் சுக வனிதையர் கிளினிக் 1996 முதல் நாட்டில் இருந்தும், அது பிள்ளை பெறும் வயதினருக்கானது என்றே அவர் நினைத்திருந்தார்.

சனல் பண்ணி (டொக்டரைப் பார்க்க முன்பதிவு செய்து), நம்பர் எடுத்து, டொக்டர் வரும்வரை காத்திருந்த கதை உங்களுக்குத் தெரிந்ததே. எங்கள் நம்பரைக் கூப்பிட்டபோது நான் காசு கட்டும் வரிசையில் நின்றேன். சின்னம்மாவின் மகள் வேலையால் வந்துசேரவில்லை. எனவே சின்னம்மாவோடு உள்ளே போனது அவருடைய 13 வயதுப் பேரன். நான் கதவைத் திறந்தபோது டொக்டர் திசுப் பரிசோதனை முடிவைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பேரன் அதை ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். சின்னம்மாவுக்குச் சிங்களம் தெரியாமலில்லை. மீனுக்கு விலை பேசவும் ஓட்டோக்காரருக்கு வழி சொல்லவும் போதுமான சிங்களம் அது. உயிர் பற்றிய பேச்சுக்குப் போதாது.

“பிளிகா” என்றார் டொக்டர். சிங்களத்தில் அது புற்றுநோய். பேரன் வாயைத் திறந்து மூடினான். மேசையில் கிடந்த கிளினிக் கொப்பியின் ஓரத்தை நகத்தால் சுரண்டியபடி, “கட்டி ஒண்டு இருக்காம், அம்மம்மா. மருந்து ஏத்தினால் சுகமாகுமாம்” என்றான். சின்னம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். “அந்தச் சொல்லு எனக்கும் தெரியும், ராசா” என்றார்.

நான் ஆங்கிலத்தில் குறுக்கிட்டு, இதைச் சொல்ல ஒரு பெரியவர் இல்லையா என்று கேட்டேன். பிள்ளை நன்றாகத்தானே மொழிபெயர்க்கிறார் என்று டொக்டர் அன்பாகவே சொன்னார். அவர் கொடியவர் அல்லர். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். ஆயினும் 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியான நாட்டில், தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தைக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு பாட்டியின் புற்றுநோயை அவருக்கு அறிவிக்கும் பொறுப்பு எட்டாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் விழுந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றிரவு அவன் சாப்பிடவில்லை.

லண்டனில் என் மாமியாருக்கு இதே நோய் வந்தபோது, குடும்பத்தினர், அதிலும் பிள்ளைகள், மொழிபெயர்க்கக் கூடாது என்று சொல்லித் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்தார்கள். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அங்கே கையில் தந்த, உணவு பற்றிய தமிழ்த் துண்டுப்பிரசுரத்தில் பாலாடைக்கட்டியும் ஜெலியும் இருந்தன, கஞ்சி இல்லை. மொழி மட்டும் தமிழாக இருந்தால் போதாது என்பதை இரண்டு வாரம் கழித்து அதே கொழும்பு வைத்தியசாலையில்தான் முழுதாக உணர்ந்தேன்.

முதல் முறை மருந்து (கீமோதெரபி) ஏற்றப் போன அன்று, மலையகத்தைச் சேர்ந்த இளம் தாதி ஒருவர் கதிரையை இழுத்துச் சின்னம்மாவின் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார். “அம்மா, எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல மக வந்ததும் சொல்லட்டுமா?” என்று கேட்டார். அவ்வளவு நாளும் அந்தக் கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. சின்னம்மா இப்போதே சொல்லச் சொன்னார்.

வீட்டில் கிரந்தி, அதாவது நோயாளிக்கு ஆகாத உணவு, என்று மீன், முட்டை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தோம். தாதி சிரிக்கவுமில்லை, கண்டிக்கவுமில்லை. உடம்பு தேற மீனும் முட்டையும் வேண்டும், நன்றாக அவித்துக் கொடுங்கள் என்றார். வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடாமல் இப்போதைக்குச் சமைத்துக் கொடுக்கச் சொன்னார். கத்தி பட்டால் பரவும் என்ற பயத்துக்கும், மகள் தனியாக எடுத்து வைத்திருந்த கோப்பைக்கும் பதில் சொன்னார்: இது தொற்றாது, பேரன் பக்கத்தில் படுக்கலாம். நாட்டு மருந்து குடித்தால் மறைக்காமல் போத்தலைக் கொண்டுவந்து காட்டுங்கள், ஏற்றும் மருந்தோடு மோதக்கூடும் என்றார். ‘கரண்ட் பிடிப்பது’ என்று நாங்கள் சொல்லும் கதிர்ச் சிகிச்சையையும் அதே சொல்லிலேயே விளக்கினார்.

கடைசியாகச் சின்னம்மா குரலைத் தாழ்த்தி, கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் இளைய மகளைப் பற்றிக் கேட்டார். உறவினர் எல்லோரும் “ஒருவருக்கும் சொல்லாதே” என்று வாயடைத்திருந்தது இதற்காகத்தான். மார்பகப் புற்றுநோயில் 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் பரம்பரைக் காரணம் இருக்கிறது என்றும், சந்தேகம் இருந்தால் மகள் எங்கே போய் ஆலோசனை கேட்கலாம் என்றும் தாதி சொன்னபோது, இத்தனை நாளும் அழாத சின்னம்மா அழுதார். அதுவரை அவர் தன் உயிருக்காகப் பயந்திருந்தார் என்று நான் தவறாக நினைத்திருந்தேன்.

காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால், இரவானாலும் காத்திராமல் உடனே வரவேண்டும் என்பதைத் தாதி கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தன் கையால் தமிழில் எழுதிக்கொடுத்தார். அச்சடித்த தமிழ்த் தாள் அங்கே இல்லை. அவருக்கு விடுமுறையான நாட்களில் வரும் தமிழருக்கு அந்த வசனத்தை யார் எழுதிக் கொடுப்பார் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. பேரன் வெப்பமானி வாங்கிவந்து, அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினான். நான் அதைப் படம் எடுத்து, இதை அச்சடித்து எல்லாத் தமிழ் நோயாளருக்கும் கொடுக்குமாறும், முடிவு சொல்லும் அறைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைக்குமாறும் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் மீண்டும் எழுதுவேன்.