குமுளி ஏலக்காய்க் கடையில் அராக்னே: டாஸ் கணினிக்கு ஒரு பிரவுசர்

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் ஓடும் பழைய கணினியை லேனில் (ஒரே இடத்துக் கணினிகளை இணைக்கும் வலையில்) கோத்து அதில் ஒரு பிரவுசர் போட வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லும் பெயர் அராக்னே. குமுளியில் நான் கணினி பார்த்துக்கொள்ளும் ஏலக்காய்க் கடையில் தினமும் அதுதான் ஓடுகிறது. அருமையான மென்பொருள். எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொண்டு போட்டால் உங்களுக்கும் பிடிக்கும்.

இந்தக் காலத்தில் எதற்கு டாஸ் என்று கேட்கலாம். கடையின் கொள்முதல் கணக்கு முழுவதும் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் இருக்கிறது. எந்தத் தோட்டக்காரருக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது, யாரிடம் எத்தனை மூட்டை எடுத்தது, எல்லாம் அதில்தான். பில்லைக் கார்பன் தாளில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடிக்க வேண்டும். டாஸிலிருந்து பேரலல் போர்ட் வழியாக நேராக அடித்தால் ஒரு வரி பிசகாது. மழைக்காலத்தில் இந்த மலையில் கரண்ட் போய்ப் போய் வரும். வந்த கையோடு, முன்னறை விண்டோஸ் கணினி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, பின்னறை டாஸ் கணினி பில் போடத் தயாராகிவிடும். கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு அதன் ஒவ்வொரு எஃப் விசையும் மனப்பாடம். அவர் கையிலிருந்து அதைப் பிடுங்குவது நியாயமே இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தின் அன்றைய விலை முன்னறைக் கணினிக்குத்தான் வரும். "தம்பி, இன்னைக்கு சராசரி எவ்வளவு?" என்று ஐயா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். யாராவது துண்டுச்சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதில் 1 பார்ப்பதற்கு 7 மாதிரி இருந்தால் பில்லில் தகராறு. விலைப் பக்கம் அவர் திரையிலேயே தெரிய வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

பிரவுசரைப் போடுவது சுலபம். அதற்கு முன்னால் பாக்கெட் டிரைவர் என்ற சின்ன நிரலை ஏற்ற வேண்டும், கவனம் தேவைப்படுவது அங்கேதான். லேன் கார்டுக்கும் பிரவுசருக்கும் நடுவில் நின்று தரவை வாங்கிக் கொடுப்பது அது. கார்டு ரியல்டெக் 8139 ஆக இருந்தால் ஆர்டிஎஸ்பிகேடி என்ற டிரைவர் போதும். ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில் செருகும் கார்டு என்றால் பெரும்பாலும் என்இ2000 வகையாக இருக்கும். அதற்கு கிரின்வர் தொகுப்பில் டிரைவர் உண்டு. ஆனால் கார்டின் ஐஆர்க்யூ எண்ணும் (கார்டு கணினியைக் கூப்பிடும் தட எண்) போர்ட் முகவரியும் நாமே கொடுக்க வேண்டும். இரண்டுக்குமே ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண்முறையில்) 60 என்ற இன்டரப்ட் எண்ணைக் (பிரவுசர் டிரைவரைக் கூப்பிடும் எண்) கொடுத்து ஆட்டோஎக்ஸெக் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டால், கணினி எழும்போதே அதுவும் எழும். கார்டின் முகவரி திரையில் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒன்றை மறக்காமல் பார்க்க வேண்டும். அந்தக் கணினி ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் கிளையண்ட் வழியாக வேறு கணினியின் டிரைவைப் பிடித்து வைத்திருந்தால், அதே கார்டை பாக்கெட் டிரைவர் நேராக எடுத்துக்கொள்ள முடியாது. நடுவில் டிஐஎஸ்பிகேடி என்ற இணைப்பு நிரல் வேண்டும். வயரும் சரி, விளக்கும் எரிகிறது, ஆனாலும் வேலை செய்யவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அப்புறம் அராக்னே. செக் நாட்டு மிகால் போலாக் 1990களில் எழுதியது, இப்போது ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இலவசம். அதன் பாக்கெட் விஸார்ட் டிரைவரைக் கண்டுபிடித்து, ஐபி முகவரி (வலையில் அந்தக் கணினியின் எண்) ரவுட்டரிடமிருந்து வேண்டுமா, நாமே கொடுக்கிறோமா என்று கேட்கும். நாமே கொடுப்பது நல்லது. மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டர் எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரவுட்டர் மற்றவர்களுக்குக் கொடுக்கும் வரிசைக்கு வெளியே ஒரு எண்ணாகப் பார்த்துக் கொடுங்கள்.

முன்னறைக் கணினியில் பைத்தானோடு வரும் சின்ன வெப் சர்வரை ஓடவிட்டு, ஒரே அட்டவணை கொண்ட பக்கத்தை வைத்தேன். தேதி, ஏல மையம், அதிகபட்ச விலை, சராசரி விலை. அவ்வளவுதான். அராக்னே அட்டவணையை அழகாகக் கட்டம் போட்டுக் காட்டுகிறது. நிறம், எழுத்தின் அளவு, ஜிஃப், ஜேபெக் படங்கள் எல்லாம் வருகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் கிடையாது. தமிழ் யூனிகோடும் வராது. அதனால் தலைப்புகளைத் தமிழில் எழுதி ஜிஃப் படமாக மாற்றி வைத்தேன். 640-க்கு 480 திரையில் "இன்றைய விலை" என்று தமிழிலேயே தெரிந்தபோது ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எனக்கு அந்த வாரம் முழுவதும் சந்தோஷம்.

வெளி இணையத்துக்கு இதை நம்ப வேண்டாம். இன்றைய தளங்கள் கேட்கும் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு முறை அராக்னேயிடம் இல்லை. வெப்ஒன் என்ற பிராக்ஸியை (நடுவில் நின்று பக்கத்தை வாங்கித் தரும் நிரலை) லேனிலுள்ள வேறு கணினியில் ஓடவிட்டு அதன் வழியாகப் போகலாம். பழைய கணினிகளுக்காகவே எழுதப்பட்டது அது. செய்தி படிக்க ஓரளவு தாங்கும். வங்கி, அரசுத் தளம் போன்றவற்றுக்குக் கண்டிப்பாகக் கூடாது.

286 சில்லு அல்லது அதற்கும் பழைய சில்லு உள்ள கணினி என்றால் மைக்ரோவெப் என்ற பிரவுசரைப் பாருங்கள். முதல் ஐபிஎம் பிசியில் இருந்த 8088 சில்லிலேயே ஓடும். அது மைக்கேல் புரூட்மனின் எம்டிசிபி என்ற டாஸ் நெட்வொர்க் நிரலகத்தின்மேல் எழுதப்பட்டது. எம்டிசிபி தொகுப்பிலேயே எச்டிகெட் என்று ஒரு கருவி இருக்கிறது. ஒரு பக்கத்தை இறக்கிக் கோப்பாகச் சேமித்துவிடும். டாஸில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் என்பதால், விலை பார்க்க ஐயா ஃபாக்ஸ்புரோவை விட்டு வெளியே வர வேண்டியிருக்கிறது. பிரவுசரின் பெரிய குறை என் கண்ணில் இதுதான். விலையை எச்டிகெட் வழியாக உரைக் கோப்பாக இறக்கி, ஃபாக்ஸ்புரோ திறக்கும்போதே படித்துக்கொள்ளும்படி செய்யலாம். அடுத்து அதைத்தான் செய்யப்போகிறேன். ஆனாலும் அராக்னே இருக்கும். பழைய விலைகளைப் புரட்டிப் பார்க்க ஐயாவுக்கு அதுதான் வசதி.

மலையில் இருப்பவர்களுக்கு ஒன்று: துலாமழை (ஐப்பசி மழை) நேரத்தில் மத்தியானம் இடி கேட்டதும் லேன் வயரைக் கழற்றிவிடுங்கள். மின்னல் வயர் வழியாக வந்து முதலில் காவு வாங்குவது கார்டைத்தான். 8139 கார்டு பழைய கணினி உதிரிகள் விற்கும் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. ஒன்றைக் கூடுதலாக வாங்கி மேசை டிராயரில் போட்டு வையுங்கள்.