டூன்ரே டிஎஃப்ஆரா, ஐடஹோ இபிஆர்-2வா, ஓட்டறதுலயும் மூடினப்புறம் பிரிக்கறதுலயும் எது தேவல?
ரெண்டுமே சோதனை வேக ஈனுலைதான், அதாவது வேகமான நியூட்ரான்ல ஓடி, புது எரிபொருளையும் உண்டாக்கற அணு உலை. ஸ்காட்லாந்துல டிஎஃப்ஆர் 1959ல ஸ்டார்ட் ஆகி 1977ல மூடுனாங்க, அமெரிக்காவோட இபிஆர்-2 1994 வரைக்கும் ஓடுச்சு. ஓட்டறதுல இபிஆர்-2தான் கில்லி, 1986 ஏப்ரல்ல முழு பவர்ல ஓடிட்டிருக்கும்போதே உலையைக் குளிர வைக்கற பம்ப்பை நிறுத்திப் பாத்தாங்க, அணுப்பிளவை அடக்கற கட்டுப்பாட்டுக் கம்பியக்கூட இறக்கல, தன்னாலயே அடங்கிருச்சு. டிஎஃப்ஆர் கூலன்ட், அதாவது உலைச் சூட்டை வெளிய எடுத்துட்டுப் போற திரவம், சோடியம்-பொட்டாசியம் கலவை, வெறும் சோடியத்தை விடக் குறைஞ்ச சூட்டுலயே உருகிடும், வெறும் சோடியம்னா 98 டிகிரிக்கு மேல வச்சிருக்கணும், அந்த வகையில சௌகரியம்தான், ஆனா மூடின உலையைப் பிரிக்கறப்போ? தண்ணி பட்டா ஹைட்ரஜன், தீ. போதாததுக்கு பிரீடர் ராடுங்க, அதாவது புது எரிபொருள் உண்டாகற கம்பிங்க, வீங்கி உள்ளயே சிக்கிக்கிச்சு, ரிமோட்லதான் எடுக்க வேண்டியிருந்துச்சு. இபிஆர்-2ல சோடியத்தை வடிச்சுட்டு தொட்டிக்குள்ள சிமெண்ட் கலவைய ஊத்திட்டாங்க. என்னைக் கேட்டா அது பிரிச்சதே இல்ல, புதைச்சதுதான்.